கரணை நடும் முன்பே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு ஊருக்கு ஓடி ஓடிப் பணத்தைக் கரைக்கிறோம் என்று வாசகர் ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் முப்பது வருடமாக இருப்பவன். சொந்த ஊர் கடலூர் மாவட்டம். அண்ணன் இன்னும் அங்கே பன்னீர்க் கரும்பு போடுகிறார். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பன்னீர்க் கரும்பு பத்து மாதப் பயிர். பங்குனி வாக்கில் கரணை (விதைக்கான கரும்புத் துண்டு) நட்டு, களை எடுத்து, சோகை (காய்ந்த தோகை) உரித்து, சாயாமல் கட்டி நிறுத்தி, ஐப்பசி கார்த்திகைப் புயல் மழையையும் தாண்டிக் கொண்டுவர வேண்டும். இது கடித்துத் தின்கிற கரும்பு. சர்க்கரை ஆலைக்கு ஆகாது. பொங்கலுக்கு முந்தைய பத்து நாளில் விற்றால்தான் காசு. காணும் பொங்கல் தாண்டிவிட்டால் மாட்டுக்குத்தான் வெட்டிப் போட வேண்டும். மஞ்சள் கொத்தும் அப்படித்தான். நம் கொசப்பேட்டைப் பானைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். பொங்கலுக்காகப் பானை வனைகிற நேரத்தில்தான் மழை பிடித்துக்கொள்கிறது. பானை காயவும் காயாது, சூளை போடவும் முடியாது.

விற்ற பணம் அண்ணன் கையில் நிற்பதில்லை. வெட்டிய ஆட்களுக்குக் கூலி, உரக்கடை பாக்கி, அப்புறம் அண்ணியின் அடகு நகை. கூலி வாங்கியவர் மளிகைக் கடைக் கணக்கைத் தீர்க்கிறார். மளிகைக் கடைக்காரர் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பிக்கிறார். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று எங்கள் அம்மா சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் தெருவில் மூட்டை தூக்குகிறவர்கள் பாதிப் பேர் வெளி மாவட்டக்காரர்கள். எம்.சி. ரோட்டில் அம்மாவுக்குச் சேலை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் பணமும் மடித்து வைத்துக்கொண்டு போகி அன்று பஸ் ஏறுவார்கள். அது கரைகிற பணமா? அறுப்பு மிஷின் வந்த பிறகு களத்துமேட்டில் ஊரே கூடி வேலை செய்வதும் போய்விட்டது. எங்களுக்கு ஊர் கூடுவது என்றால் இப்போது பொங்கல்தான். வரப்புத் தகராறில் நாலு வருடம் பேசாமல் இருந்த எங்கள் சித்தப்பாவும் அண்ணனும் ஒரு மாட்டுப் பொங்கலன்று கோயில் திடலில்தான் பேசினார்கள். வேறு எந்த நாளிலும் அது நடந்திருக்காது.

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். 2022 டிசம்பரில், 2023 பொங்கலுக்கான ரேஷன் பரிசாகப் பச்சரிசியும் சர்க்கரையும் 1,000 ரூபாயும் என்று தமிழக அரசு அறிவித்தது. கரும்பு இல்லை. விவசாயிகள் போராடிய பிறகு, அந்த மாதம் முடிவதற்குள் முழுக் கரும்பும் சேர்க்கப்பட்டது. சேர்த்ததற்கு நன்றி. ஆனால் இடையில் இருந்த அந்தச் சில நாட்கள் அண்ணன் சரியாகத் தூங்கவில்லை. விளைந்து நிற்கிற கரும்பைப் பார்த்துவிட்டு ஒரு வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டார். பயந்துபோய்ப் பாதிக் கொல்லையை அண்ணன் கொடுத்தும்விட்டார். அறிவிப்பு மாறியபோது லாபம் வியாபாரிக்குப் போனது.

கரும்பு வாங்கப் போகிறார்களா, எத்தனை அடி உயரம் வேண்டும், என்ன விலை, எந்த மாவட்டத்தில் எவ்வளவு என்பதை மார்கழியில் சொல்வதால் நட்டவனுக்கு என்ன பயன்? மாசி முடிவதற்குள் சொல்லட்டும். பணத்தை நேராக விவசாயியின் வங்கிக் கணக்கில் போடட்டும். அப்போது எத்தனை சென்டில் கரணை நடுவது, எதில் உளுந்து விதைப்பது என்று அண்ணன் முடிவு செய்துகொள்வார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21