விசாவுக்காகக் கணக்கில் கடன் பணம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வார இணைப்பில் வரும் வெளிநாட்டுச் சுற்றுலாக் கட்டுரைகளை விடாமல் படிப்பவள் நான். எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம் என்பதெல்லாம் நன்றாக வருகிறது. விசா என்று வந்தால் மட்டும் ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். மக்கள் தடுமாறுவது அந்த ஒரு வரியில்தான். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால், அங்கே நெடுங்காலம் பார்த்துப் பார்த்து மனம் வருந்திய ஒன்றை எழுதுகிறேன்.

விசாவுக்கு ஸ்டேட்மென்ட் வேண்டும் என்று வருவார்கள். எடுத்துப் பார்த்தால், முந்தின வாரம்தான் பெரிய தொகை ஒன்று உள்ளே வந்திருக்கும். உறவினரிடம் கைமாற்றாக வாங்கியது. விசா வந்ததும் திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு. "பேலன்ஸ் நிறையக் காட்டுங்க" என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். ஆனால் விசா அதிகாரி கடைசி வரியை மட்டும் பார்ப்பதில்லை. மாதாமாதம் என்ன வருகிறது, என்ன போகிறது, அந்த வருமானத்துக்கு இந்தப் பயணச் செலவு தாங்குமா என்று பார்க்கிறார். சின்னச் சின்னத் தொகைகளே நடமாடிய கணக்கில் திடீரென்று லட்சக்கணக்கில் விழுந்தால், இது யாருடைய பணம் என்ற கேள்வி வராமல் இருக்குமா?

எனக்குத் தெரிந்த வயதான தம்பதிக்கு இப்படித்தான் விசா மறுக்கப்பட்டது. உண்மையில் அவர்களுடைய பயணச் செலவு முழுவதையும் ஏற்றவள் வெளிநாட்டில் வேலை செய்யும் மகள். அதைச் சொல்லியிருந்தாலே போதும். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளின் விண்ணப்பத்திலேயே, செலவை நீங்கள் ஏற்கிறீர்களா, ஸ்பான்சர் ஏற்கிறாரா என்று கேட்கிறார்கள். மறுமுறை அந்த இடத்தில் மகளைக் குறிப்பிட்டு, அவளுடைய கடிதத்தையும் சம்பளச் சான்றையும் இணைத்தார்கள். விசா கிடைத்தது. நிலம் விற்றோ, டெபாசிட் முதிர்ந்தோ நியாயமாக வந்த பெரிய தொகை என்றால் தயங்கவே வேண்டாம். அதற்கான பத்திர நகலையோ வங்கிக் கடிதத்தையோ கூடவே வைத்துவிடுங்கள்.

போலி ஸ்டேட்மென்ட், போலி வேலைச் சான்று பக்கமே போகாதீர்கள். விண்ணப்பத்தில் ஏமாற்றியது தெரிந்தால் பிரிட்டன் 10 ஆண்டுகளுக்குக் கதவடைக்கும். அமெரிக்காவில் அது வாழ்நாள் தடையாகவே ஆகலாம். ஏஜென்ட் தயாரித்தது என்று சொல்லித் தப்ப முடியாது. விண்ணப்பம் உங்களுடையது, கையெழுத்தும் உங்களுடையது.

மற்றவை சுருக்கமாக. ஷெங்கன் நாடுகளுக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும். கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். பயண மருத்துவ இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி நேரம் வரை இழுக்கத் தேவையில்லை. விசா வந்ததும் உடனே அதைப் படித்துப் பாருங்கள். செல்லுபடியாகும் தேதிகள் வேறு, தங்க அனுமதிக்கும் நாட்கள் வேறு. விசா ஒரு மாதம் செல்லும் என்றாலும் தங்குவதற்குப் பதினைந்து நாட்கள்தான் கொடுத்திருக்கலாம். இது தெரியாமல் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டால் சிக்கல்தான்.

அப்புறம், ஒரு வேண்டுகோள். விடுமுறைக் காலம் தொடங்குமுன் ஆவணங்களைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் பக்கம் வெளியிடுங்கள். விசா மறுக்கப்பட்டவர்களுக்கும் அதில் இடம் கொடுங்கள். ஷெங்கன் நாடுகள் மறுக்கும்போது காரணத்தைக் குறித்து ஒரு படிவம் தருகின்றன. மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. பலர் அந்தப் படிவத்தைப் படிக்காமலேயே அடுத்த ஏஜென்ட்டைத் தேடிப் போகிறார்கள். அதை எப்படிப் படிப்பது, எந்தக் காரணத்துக்கு எந்த ஆவணம் வைப்பது என்று எழுதினால் மிகவும் உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், உங்கள் நீண்டநாள் வாசகி