பன்னிரண்டு சொற்களை நீங்கள் பார்க்க வேண்டாம்: நெல்லைச் சீமையின் செல்போன் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் செல்போன் கடையும் கணினி மையமும் நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துகொடுப்பவன். கிரிப்டோ என்கிற பிட்காயின் போன்ற கணினிக் காசை வாங்கலாமா கூடாதா என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். ஆனால் யாரும் என்னைக் கேட்டுவிட்டு வாங்குவதில்லை. வாங்கி முடித்து ஜூலை மாதம் கணக்கோடுதான் வந்து உட்காருகிறார்கள். அப்படி வாங்கியவர்களின் சொத்து உங்கள் கடை மேசையில் என்ன பாடு படுகிறது என்பதைப் பேசத்தான் இந்த மடல்.

2024 ஜூலை 18 அன்று, கிரிப்டோ காயின்களை வாங்கி விற்கும் சந்தையான வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சின் வாலட் (காயின்களைக் காக்கும் கணினிப் பெட்டகம்) ஒன்றிலிருந்து ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள காயின்கள் களவுபோயின. காயின் போட்டவர்கள் எடுக்க முடியாதபடி கதவைச் சாத்தினார்கள். சிங்கப்பூர் நீதிமன்றம், வாக்கெடுப்பு என்று இழுத்தடித்து, மறுபடி எடுக்க வழி பிறந்தது 2025 அக்டோபரில்தான். அதே மாதம் அந்த எக்ஸ்சேஞ்சில் காயின் வைத்திருந்த ஒரு பெண்ணின் வழக்கில், கிரிப்டோவும் சொத்துதான், ஒருவர் உடைமையாக வைத்து அனுபவிக்கக்கூடியதுதான் என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் சொன்னார். சட்டம் சொத்து என்று ஒப்புக்கொண்டது நல்லது. ஆனால் அந்தப் பதினைந்து மாதக் காத்திருப்பு நம் ஊர்க்காரர்களுக்கு வேறொரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டது: எக்ஸ்சேஞ்சில் போட்டு வைக்காதே, உன் போனிலேயே ஒரு செயலியாக இருக்கும் சொந்த வாலட்டுக்கு மாற்றிக்கொள்.

பாடம் சரியானதுதான். ஆனால் சொந்த வாலட்டைத் திறப்பது யார்? வளைகுடாவில் இருக்கும் கணவன் போனில் வழி சொல்ல, மேலப்பாளையத்திலும் வீரவநல்லூரிலும் இருக்கும் மனைவி உங்கள் கடைக்கு வருகிறார். வள்ளியூர்ப் பெரியவர் பேரனை நம்பாமல் உங்களிடம் வருகிறார். நீங்கள் ஐம்பதோ நூறோ வாங்கிக்கொண்டு, பல நேரம் அதுவும் வாங்காமல், திறந்து கொடுக்கிறீர்கள்.

சென்ற முறை கணக்கு முடிக்கும் பருவத்தில் கடையநல்லூரிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். கணவர் துபாயில். பரிவர்த்தனை விவரம் கேட்டேன். "இதுவா பாருங்கள் சார்" என்று கேலரியைத் திறந்து போனை நீட்டினார். ரேஷன் கார்டுக்கும் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலுக்கும் நடுவே பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள், எண் போட்டு வரிசையாக. அந்த வாலட் செயலி ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது. ஆகவே இவர் போனின் திரையைக் கடைப் பையன் தன் போனால் படம் எடுத்திருக்கிறான். படத்தின் ஓரத்தில் கடை மேசையும் அதன் கண்ணாடிக்குள் அடுக்கியிருந்த டெம்பர் கிளாஸ் பாக்கெட்டுகளும் தெரிந்தன. தன் வாட்ஸ்அப்பிலிருந்து அவருக்கு அனுப்பிவிட்டு, "பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அக்கா" என்று கீழே எழுதியும் இருந்தான்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அக்கறையோடுதான் செய்திருக்கிறான். அந்தச் செயலி ஏன் படம் எடுக்க விடாமல் தடுத்தது என்பதை மட்டும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தப் பன்னிரண்டு சொற்கள்தான் அந்த வாலட். போனுக்குப் போட்ட பூட்டும் கைரேகையும் அந்த ஒரு போனுக்கு மட்டும்தான் காவல். சொற்கள் கையில் இருந்தால் உலகின் எந்த மூலையிலும் வேறொரு போனில் அதே வாலட்டைத் திறந்து, எல்லாவற்றையும் துடைத்து எடுத்துக்கொண்டு போகலாம். வங்கி மேலாளர் கிடையாது, கணக்கை முடக்கு என்று சொல்ல இடம் கிடையாது, மறந்துவிட்டேன் என்று கேட்டு மாற்றவும் முடியாது. இரும்புப் பெட்டிக்குச் சாவி செய்து கொடுத்த ஆசாரி, அதன் நகல் ஒன்றைத் தன் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்தால் எப்படியோ, அப்படித்தான் இருக்கிறது இந்தப் படம் எடுக்கிற வேலை. அந்தப் படம் இப்போது பையனின் போனில் இருக்கிறது, அவனுடைய கூகுள் கணக்கில் இருக்கிறது, வாட்ஸ்அப் பேக்கப்பில் இருக்கிறது. விசாரித்தபோது அவன் வேறு கடைக்குப் போய்விட்டான் என்றார்கள். பழைய போனை யாருக்கு விற்றானோ!

உங்கள் தரப்பிலிருந்தும் ஒன்றை யோசியுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்த வாலட் காலியானால், எவன் எங்கிருந்து எடுத்தான் என்பது எளிதில் தெரியாது. ஆனால் திறந்து கொடுத்தது யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நூறு ரூபாய்க்குச் செய்த உதவிக்காகக் காவல் நிலையத்துப் பெஞ்சில் உட்கார வேண்டிவரும்.

ஆகவே கேட்கிறேன்: செயலியை இறக்கிக் கொடுங்கள், அந்தச் சொற்கள் வரும் திரைக்கு முன்னால் நிறுத்திவிடுங்கள். போனை அவர் கையில் கொடுத்து, தாளும் பேனாவும் கொடுத்து, நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி வேறு வேலையைப் பாருங்கள். கடைக் கண்காணிப்புக் கேமராவுக்கு முதுகு காட்டி உட்காரச் சொல்லுங்கள். தாள் என்றதும் பில் போடும் ரோலில் இருந்து கிழித்துக் கொடுத்துவிடாதீர்கள். அது சூட்டில் அச்சாகும் தாள்; சூடு பட்டால் கறுத்துப்போய் எழுதியதே தெரியாமல் போகலாம்.

ஆங்கில எழுத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான வாலட்டுகள் பயன்படுத்துவது 2,048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரே பட்டியல். தமிழில் அப்படிப் பட்டியல் இல்லை. தமிழ் வழியில் படித்தவர்கள் ஒலியை வைத்துத் தமிழில் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் நிரல் என்று பொருள்படும் code என்ற சொல்லும் இருக்கிறது, ஆடு என்று பொருள்படும் goat என்ற சொல்லும் இருக்கிறது. இரண்டையும் தமிழில் எழுதினால் 'கோட்'தான். ஒவ்வொரு சொல்லின் முதல் நான்கு எழுத்தும் தனித்தன்மையோடு இருக்கும்படி அந்தப் பட்டியலை அமைத்திருக்கிறார்கள். முழுதாக எழுதத் திணறுபவர் அந்த நான்கு எழுத்தைத் தெளிவாக எழுதினால்கூடப் போதும். பிறகு சிறு தொகை ஒன்றை மட்டும் அனுப்பி, செயலியை நீக்கி, தாளைப் பார்த்து மறுபடி திறந்து காட்டச் சொல்லுங்கள். திறந்தால் மிச்சத்தை மாற்றட்டும்.

ஏற்கெனவே படம் எடுத்துக் கொடுத்திருந்தால், அழித்துவிட்டோம் என்று சொல்வதில் பயனில்லை. அவர்களைக் கூப்பிட்டு, புதிதாக ஒரு வாலட்டைப் புதிய சொற்களோடு திறந்து காயின்களை அதற்கு மாற்றச் சொல்லுங்கள். கடையநல்லூர்ப் பெண்மணி அன்று மாலையே அதைச் செய்துவிட்டார்.

சர்வீஸுக்கு வரும் போன்களில் இன்னொரு விபத்து காத்திருக்கிறது. தொங்கி நிற்கும் போனுக்குச் சாப்ட்வேர் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் போகும். படங்கள் போனதற்கே சண்டைக்கு வருகிறார்கள். சொற்களை எங்கும் எழுதி வைக்காதவரின் வாலட் அதில் இருந்தால், அந்தக் காயின் யாருக்கும் இல்லாமல் போய்விடும். போனை வாங்கும்போதே "வாலட் இருக்கிறதா, சொற்கள் தாளில் இருக்கிறதா" என்று கேட்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய போனைக் கொடுத்துப் புதிது வாங்க வருகிறவரிடமும் இதே கேள்விதான். அதன் பிறகு அவர் கண் முன்னாலேயே ரீசெட் செய்யுங்கள்.

டூப்ளிகேட் சிம் விஷயத்தை உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எக்ஸ்சேஞ்சுக் கணக்குகள் பல இன்னும் எஸ்எம்எஸ் ஓடிபியை நம்பித்தான் இருக்கின்றன; சிம் திருடன் கைக்குப் போனால் ஓடிபியும் அவனுக்குத்தான் போகும். ஆதார் நகலைக் காட்டி "போன் தொலைந்துவிட்டது" என்று வருகிறவர் உண்மையிலேயே அந்த எண்ணுக்கு உரியவரா என்று பார்ப்பது உங்கள் கையில் இருக்கிறது. கூட்டம் இருந்தாலும் அந்த எண்ணுக்கு ஒருமுறை அடித்துப் பாருங்கள். யாராவது எடுத்தால் அப்போதே தெரிந்துவிடும். எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதிலாக, போனிலேயே குறியீட்டை உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் செயலியை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பது பத்து நிமிட வேலை.

செயலியைப் பிளே ஸ்டோரில் தேடி இறக்குங்கள், அதிலும் தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சரிபாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாகச் செயலியை நிறுவும் கோப்பு) யார் அனுப்பினாலும் போடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலேயே திருட்டுச் செயலிகள் சுற்றுகின்றன. முகூர்த்த மாதங்களில் நம் ஊரில் எத்தனை பேர் திறந்து பார்க்காமல் இருப்பார்கள்? காயின் அனுப்ப வேண்டிய வாலட்டின் முகவரி எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான வரி; அதைப் பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டும் பழக்கத்தையும் விடச் சொல்லுங்கள். முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்து ஒத்துப்போகும் போலி முகவரியை உருவாக்கி, அதிலிருந்து நயா பைசா மதிப்புக்கு எதையாவது அனுப்பி, உங்கள் பட்டியலில் தன் முகவரியை உட்கார வைத்துவிடுகிறான் திருடன். அடுத்த முறை அனுப்பும்போது கை அதன் மேல் போகிறது. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் எக்ஸ்சேஞ்ச் சுமார் 150 கோடி டாலரை இழந்தபோதும், காயினை அனுப்பக் கையொப்பமிட்டவர்கள் திரையில் பார்த்தது ஒன்று, உண்மையில் ஒப்புக்கொண்டது வேறொன்று. அமெரிக்காவின் எஃப்பிஐ அதை வட கொரியாவின் வேலை என்றது. இதையே தொழிலாகக் கொண்டவர்களின் கண்ணையே கட்டியவர்கள் நம் பெரியவர்களை விட்டுவைப்பார்களா?

உங்களில் சிலர் கடையிலேயே யுஎஸ்டிடி என்கிற, டாலர் மதிப்போடு கட்டிய காயினை வாங்கி விற்றுத் தருகிறீர்கள். அதில் கமிஷன் இருக்கிறது, தெரியும். முகம் தெரியாத ஒருவன் உங்கள் வங்கிக் கணக்கில் போடும் ரூபாய் எங்கோ ஏமாற்றி எடுத்த பணமாக இருந்தால், வேறு மாநிலத்துக் காவல்துறையின் கடிதம் ஒன்று போதும், உங்கள் கணக்கு முடங்கிவிடும். ரீசார்ஜ் பணமும் சேர்ந்துதான் முடங்கும். அதை விடுவிக்க அலைந்தவர்களின் தாள்களை நான் பார்த்திருக்கிறேன். போதாததற்கு லாபத்தில் 30 சதவீதம் வரி, விற்பனையில் 1 சதவீதம் டிடிஎஸ் என்கிற முன்கூட்டிய வரிப் பிடித்தம், ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. இந்த வேலையை விட்டுவிடுங்கள்.

பறிகொடுத்தவர் முதலில் ஓடி வருவதும் உங்களிடம்தான். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் பேசச் சொல்லுங்கள். போன முகவரியையும் பரிவர்த்தனை எண்ணையும் செயலியில் எடுத்துக் கொடுங்கள். காயின் இந்தியாவில் பதிவு பெற்ற ஏதாவது எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் அங்கே நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. நேரம் போகப் போக அது குறையும். "முன்பணம் கட்டினால் மீட்டுத் தருகிறோம்" என்று டெலிகிராமில் ஒருவன் கட்டாயம் வருவான். அவனும் திருடன்தான்.

உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கும்படி ஒரு தமிழ் அட்டை எழுதி வைத்திருக்கிறேன். அச்சுச் செலவு என்னுடையது. வாலட்டின் சொற்களை இந்தக் கடையில் யாரும் பார்க்கமாட்டார்கள், படம் எடுக்கமாட்டார்கள் என்பது அதன் முதல் வரி, கீழே 1930. பின்பக்கத்தை உங்கள் ரீசார்ஜ் விளம்பரத்துக்கு விட்டிருக்கிறேன். வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால் நேரில் வந்து பேசுகிறேன். ஜூலை தவிர வேறு எந்த மாதமும் சம்மதம்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வரி ஆலோசகர் ஒருவர்