எங்கள் வாக்குகளைப் பார்க்கும்போது உங்கள் பெயரும் பதிவாகட்டும்

தனித்தனி வழங்கிகள் (சர்வர்கள்) ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் விவாதத் தளங்களான லெம்மி, எம்பின், பைஃபெட் ஆகியவற்றின் வழங்கிகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும், அவற்றில் குழுக்களைப் பார்த்துக்கொள்ளும் மட்டுறுத்துநர்களுக்கும்,

வணக்கம்.

வெளிச் செயலிகள் தரவைப் பெறும் வழியான ஏபிஐக்கு விதித்த கட்டணத்தை எதிர்த்து 2023 ஜூனில் ரெடிட் விவாதத் தளத்தை விட்டு வெளியேறிய பலர் உங்கள் வழங்கிகளுக்கு வந்தார்கள். ஒரே நிறுவனத்தின் பிடியில் இருக்க வேண்டாம் என்பதற்காகவே வந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் இன்னும் அறியாத ஒன்று உண்டு. ரெடிட்டில் ஒரு பதிவை மேலே ஏற்றவோ கீழே இறக்கவோ அம்புக்குறியை அழுத்தி யார் எதற்கு வாக்களித்தார் என்பது சக பயனர்களுக்கும் தெரியாது, மட்டுறுத்துநர்களுக்கும் தெரியாது. உங்கள் வழங்கிகளில் அது தெரியும்.

உங்கள் வழங்கிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையில் வாக்கு வெறும் எண்ணாகப் பயணிப்பதில்லை. நான் ஒரு பதிவுக்கு எதிர் வாக்களித்தால், இன்ன கணக்கு இன்ன பதிவை விரும்பவில்லை என்ற செய்தி, என் கணக்கின் முழு முகவரியோடு, அந்தக் குழுவைப் பின்தொடரும் வழங்கிகளுக்கெல்லாம் போய்ச் சேர்கிறது. அங்கங்கே தரவுத்தளத்தில் தங்கிவிடுகிறது. லெம்மியில் முதலில் நிர்வாகிகளுக்கும் பிறகு மட்டுறுத்துநர்களுக்கும் அந்தப் பட்டியலைத் திரையிலேயே காட்டும் வசதி வந்தது. லெம்மியில் சாதாரணப் பயனருக்கு எண்ணாக மட்டும் தெரியும் ஆதரவு வாக்கை எம்பினில் திறந்தால் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. சொந்தமாக ஒரு வழங்கி அமைத்துக் குழுக்களைப் பின்தொடர எவருக்கும் தடையில்லை என்பதால், இந்தத் தகவல் நல்லவர் கையில் மட்டும்தான் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நீங்கள் ஏன் பார்க்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஒருவரே பல போலிக் கணக்குகளைத் திறந்து தன் பதிவைத் தானே மேலே தள்ளுகிறார். வேறொருவர் பிடிக்காத ஒருவரின் பழைய பதிவுகளையெல்லாம் தேடிப்போய் எதிர் வாக்குக் குத்துகிறார். சம்பளமில்லாமல் இரவு பகலாக இவற்றோடு மல்லுக்கட்டுகிறவர்களிடம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் எதிர் வாக்கின் அருமை, அதைப் போட்டவர் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்பதில் இருக்கிறது. இந்தியாவில் தேர்தல் விதி 49-ஓ பற்றித் தமிழ்நாட்டில் எவ்வளவு பேசினோம் என்பது பலருக்கு நினைவிருக்கும். அந்த விதிப்படி, எந்த வேட்பாளரையும் விரும்பாதவர் அதை வாக்குச்சாவடி அலுவலரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அலுவலர் 17-ஏ பதிவேட்டில் குறிப்பு எழுதுவார். வாக்காளர் அதில் கையெழுத்திட வேண்டியிருந்தது. அந்த உரிமை சட்டத்தில் இருந்தது. ஆனால் சுற்றிலும் கட்சி முகவர்கள் உட்கார்ந்திருக்க, அதைப் பயன்படுத்தத் தனித் துணிச்சல் வேண்டியிருந்தது. 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவருக்கு வாக்களிப்பவருக்கு இருக்கும் இரகசியக் காப்பு எவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகுதான் மின்னணு இயந்திரத்தில் நோட்டா பொத்தான் வந்தது. ஒரு குழுவின் வாக்கும் சட்டமன்றத் தேர்தலும் ஒன்றல்ல, உண்மைதான். ஆனாலும், பெயர் பதிவாகும் என்று தெரிந்தால் மறுப்புச் சொல்லும் கை தயங்கும் என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

"ஒரு அம்புக்குறியை அழுத்தியதில் என்ன அந்தரங்கம்?" என்று கேட்பவர்களுக்கு: 2013-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், 58,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் ஃபேஸ்புக் விருப்பங்களை மட்டும் வைத்து, அமெரிக்கப் பயனர் ஜனநாயகக் கட்சிக்காரரா குடியரசுக் கட்சிக்காரரா என்பதை 85 விழுக்காடு சரியாகப் பிரித்துக் காட்டினார்கள். அதற்கும் முந்தைய ஆண்டு, சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைவையொட்டி நடந்த கடையடைப்பைப் பற்றி எழுதியதற்காக மகாராஷ்டிரத்தின் பால்கரில் ஓர் இளம்பெண் கைது செய்யப்பட்டார். அந்தப் பதிவுக்கு விருப்பம் தெரிவித்த அவருடைய தோழியும் கைதானார். கைதுக்கு உதவிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்தது. சட்டம் போய்விட்டது, யார் எதை விரும்பினார் என்று தேடிப் பார்க்கும் கண்கள் போய்விடவில்லை.

தமிழ் போன்ற மொழிகளில் இயங்கும் சிறிய குழுக்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. பத்துப் பதினைந்து பேர் மட்டும் வாக்களிக்கும் இடத்தில், சாதியைப் பற்றியோ ஈழத்தைப் பற்றியோ ஒரு பதிவுக்கு விழும் இரண்டு எதிர் வாக்குகளின் பின்னால் இருப்பவர்கள் மட்டுறுத்துநருக்கு நேரில் தெரிந்தவர்களாகவே இருக்கலாம். அந்தப் பட்டியலைத் திறந்தவர் மறுநாள் அவர்களுடைய பதிவுகளை அதே கண்ணோடு படிப்பாரா? மனிதர்தானே அவரும்.

உங்கள் மென்பொருளிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, லெம்மியின் பொது நடவடிக்கைப் பதிவேடு. எந்தப் பதிவு நீக்கப்பட்டது, யார் தடை செய்யப்பட்டார் என்பதை யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். அதிகாரத்தைப் பொதுவெளியில் வைத்துப் பயன்படுத்தும் அந்தப் பண்புக்காகவே நான் இங்கே இருக்கிறேன். ஆனால் ஒருவர் வாக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தார் என்பது அதில் ஏறுவதில்லை. பார்ப்பதும் ஓர் அதிகாரச் செயல்தான். விக்கிப்பீடியாவில் பயனர்களின் ஐ.பி. முகவரிகளைச் சோதிக்கும் உரிமை மிகச் சிலரிடமே இருக்கிறது. அவர்கள் செய்யும் ஒவ்வொரு தேடலும் பதிவாகிறது, அதே பொறுப்பில் இருக்கும் மற்றவர்கள் அதைச் சரிபார்க்க முடிகிறது, தரவும் 90 நாள்களுக்கு மேல் நிற்பதில்லை. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் யார் எதற்கு வாக்களித்தார் என்று மட்டுறுத்துநர்கள்கூடப் பார்க்க முடியாது. ஒருவரையே குறிவைத்துப் போடப்படும் தொடர் வாக்குகளை ஒரு நிரல் கண்டுபிடித்துத் திருப்பிவிடுகிறது. அதனால் அங்கே மட்டுறுத்தல் நின்றுபோகவில்லை.

ஆகவே உங்களிடம் முதன்மையாகக் கேட்பது இதுதான். வாக்குப் பட்டியலை ஒருவர் திறந்தால், திறந்தவர் பெயர், நாள், காரணம் மூன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும். எவருடைய வாக்கு என்பதை அதில் சொல்ல வேண்டாம். பார்த்தவர் யார் என்பது போதும்.

பைஃபெட் 2024-இல் கொண்டுவந்த முறையையும் மற்றவர்கள் பரிசீலிக்க வேண்டும். அதில் வாக்கு ஒரு மாற்றுக் கணக்கின் பெயரில் வெளியே போகிறது. உண்மையான ஆள் யார் என்பது அவருடைய சொந்த வழங்கிக்கு மட்டும் தெரியும். அந்த மாற்றுக் கணக்கு தொல்லை கொடுத்தால் அதையே தடை செய்துவிடலாம், முகத்திரையைக் கிழிக்கத் தேவையில்லை.

மென்பொருள் மாறக் காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். இரண்டு காரியங்களுக்கு ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியதில்லை. கணக்குத் தொடங்கும் பக்கத்தில், "உங்கள் வாக்குகள் பெயரோடு பிற வழங்கிகளுக்குப் போகும்" என்று தெளிவாக எழுதிவிடுங்கள். தானியங்கி முறைகேடும் திட்டமிட்ட தொந்தரவும் இல்லாத இடத்தில், எதிர் வாக்களித்தார் என்பதற்காக மட்டும் எவரையும் தடை செய்ய மாட்டோம் என்பதைக் குழு விதிகளில் சேருங்கள். இந்த வாரமே செய்துவிடக்கூடிய வேலை இது.

அன்புடன்,
உங்கள் வழங்கிகளில் ஒன்றில் தினமும் வாக்களிக்கும் ஒரு பயனர்