வேரியன்ட் அட்டவணையில் டயர் அளவையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகிற, அதாவது ஆல் வீல் டிரைவ் உள்ள சிறிய கார்களின் வேரியன்ட்களை (ஒரே காரின் பேஸ் முதல் டாப் வரையிலான வகைகளை) ஒப்பிட்டு நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். உழைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கார் வாங்கப் போகிற ஒருவர் அந்த அட்டவணையை மட்டும் நம்பி ஷோரூமுக்குப் போனால் நேராக டாப் மாடலுக்குத்தான் முன்பணம் கட்டுவார். எதில் டிக் அதிகமோ அதுதான் நல்ல கார் என்று அட்டவணை சொல்லாமல் சொல்கிறது. என்னால் ஏற்க முடியாதது அதுதான்.

முதலில் 'ஆல் வீல் டிரைவ்: உண்டு' என்கிற வரியையே எடுத்துக்கொள்வோம். எல்லாக் கட்டத்திலும் டிக். சுபாரு இம்ப்ரெசாவில் முன்னாலிருந்து பின் அச்சு வரைக்கும் சக்தியைக் கொண்டுபோகிற ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டு போகிறது, பின் சக்கரங்களுக்கும் எப்போதும் கொஞ்சம் இழுவை போய்க்கொண்டே இருக்கும். டொயோட்டா கொரோலா ஹைப்ரிட்டின் ஆல் வீல் டிரைவில் அப்படி ஒரு ஷாஃப்டே கிடையாது. பின் அச்சில் தனியாக ஒரு சிறிய மின் மோட்டார் உட்கார்ந்திருக்கிறது, தேவைப்படும்போது அது கைகொடுக்கும். வேறு பல கார்களில் சாதாரண ஓட்டத்தில் பெரும்பாலும் முன் சக்கரங்கள்தான் இழுக்கும், அவை வழுக்க ஆரம்பித்தால் ஒரு கிளட்ச் இறுகிப் பின் சக்கரங்களுக்கும் சக்தியை அனுப்பும். மழைச் சாலையில் வேலைக்குப் போய் வருகிறவருக்கு இதில் எதுவானாலும் போதும். சேறும் பனியும் ஏற்றமுமாக இருக்கிற பாதையில் தினமும் போகிறவருக்கு அப்படி இல்லை, அவருக்கு அந்த டிக் எதையுமே சொல்வதில்லை.

சரி, ஒரே காரின் வேரியன்ட்களுக்கு வருவோம். அமெரிக்காவில் 2024 இம்ப்ரெசா பேஸ், ஸ்போர்ட், ஆர்எஸ் என்று மூன்றாக வந்தது. முதல் இரண்டிலும் அதே 2.0 லிட்டர், 152 குதிரைத்திறன் இன்ஜின். ஆர்எஸ்ஸில்தான் 2.5 லிட்டர், 182 குதிரைத்திறன். ஆல் வீல் டிரைவ் மூன்றிலும் இருக்கிறது. ஆக, ஸ்போர்ட் என்று பெயர் வைத்ததற்காக ஒரு குதிரைத்திறன்கூட ஏறவில்லை. கூடக் கொடுக்கிற பணம் பெரிய திரைக்கும் பெரிய சக்கரத்துக்கும் இன்னும் சில வசதிகளுக்கும்தான் போகிறது. அது பிடித்திருந்தால் தாராளமாக வாங்கட்டும், தெரிந்து வாங்கட்டும் என்பதுதான் என் வாதம்.

சக்கரம் என்றதும் ஒரு கணக்கு. 205/55 ஆர்16 என்று டயரில் எழுதியிருந்தால் ரப்பரின் பக்கச் சுவர் டயரின் அகலமான 205 மில்லிமீட்டரில் 55 சதவீதம், அதாவது சுமார் 113 மில்லிமீட்டர் உயரம்; கடைசியில் வரும் 16 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 225/40 ஆர்18 என்றால் 90 மில்லிமீட்டர்தான். டயரோடு சேர்த்துப் பார்த்தால் சக்கரத்தின் மொத்த உயரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே, கூடியது ரிம், குறைந்தது ரப்பர். குழியில் இறங்கும்போது அடியைத் தாங்குவது அந்த ரப்பர்தான், அது மெலிந்தால் ரிம் நெளியவும் டயர் கிழியவும் வாய்ப்பு அதிகம். இதற்கு மேல் ஆல் வீல் டிரைவுக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு. நான்கு டயரும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழன்று நடுவில் இருக்கிற கிளட்சும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலும் வீணாகச் சூடேறித் தேயும், அதனால் பாதி தேய்ந்த நிலையில் ஒரே ஒரு டயர் கிழிந்தாலும் நான்கையும் மாற்ற வேண்டி வரலாம். 18 அங்குல டயர் நான்கு வாங்கிப் பார்த்தால்தான் அந்த வலி தெரியும். உங்கள் அட்டவணையிலோ 'அலாய் வீல்: 18' என்று அதையும் ஒரு சிறப்பம்சமாகவே போட்டிருக்கிறீர்கள்.

ஹெட்லைட் விஷயம் இதைவிட முக்கியம். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஐஐஎச்எஸ் என்கிற சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2016 முதல் ஹெட்லைட்டுகளைத் தனியாகச் சோதித்துத் தரம் பிரிக்கிறது. ஒரே காரில் மேல் வேரியன்ட்டின் விளக்கு நல்ல தரம் பெறுவதும் கீழ் வேரியன்ட்டின் விளக்கு மோசமாக நிற்பதும் அதில் பலமுறை வந்திருக்கிறது. எல்லா வேரியன்ட்டிலும் நல்ல விளக்கு இருந்தால்தான் உயர்ந்த விருது என்று பிறகு விதியையே இறுக்கினார்கள். டாப் மாடலுக்கு மாறுவதற்கு நியாயமான காரணம் என்றால் இந்த மாதிரி விஷயம்தான், சன்ரூஃப் அல்ல. சில கார்களில் பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கையை (பக்கக் கண்ணாடியில் தெரியாத இடத்தில் வண்டி வந்தால் எச்சரிப்பது) தனியாகத் தராமல் சன்ரூஃபோடு சேர்த்து ஒரே பேக்கேஜாகக் கட்டிவிடுகிறார்கள், அதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. பாதுகாப்பு வேண்டும் என்பவர் தலைக்கு மேலே இருக்கும் இடத்தையும் இழந்து கண்ணாடிக் கூரையையும் வாங்க வேண்டுமாம்.

வேரியன்ட் மாறினால் வண்டியே மாறுகிற சந்தர்ப்பமும் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சுபாரு கிராஸ்ட்ரெக் என்கிற காரின் மற்ற வேரியன்ட்களில் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி, சுமார் 221 மில்லிமீட்டர், வில்டர்னஸ் வேரியன்ட்டில் 236. அதோடு கரடுமுரடான பாதைக்கான டயர், வேறு கியர் விகிதம். அமெரிக்க மாடலில் இழுக்கக்கூடிய எடையும் 1,500 பவுண்டிலிருந்து 3,500 ஆகிறது. மைலேஜ் குறையும், ஆனால் கொடுத்த பணத்துக்கு இரும்பிலேயே வித்தியாசம் தெரிகிறது.

ஸ்பீக்கர், சீட் கவர், செல்போனை இணைக்கிற திரை எல்லாம் எப்போது வேண்டுமானாலும் வெளியே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். இன்ஜின், ஏர்பேக், ரேடார், கிரவுண்ட் கிளியரன்ஸ் இவற்றை அப்படி வாங்கிப் போட முடியாது. அடுத்த ஒப்பீட்டிலாவது அட்டவணையை இந்த இரண்டு பகுதியாகப் பிரித்துப் போடுங்கள். ஆல் வீல் டிரைவ் என்ற வரியில் டிக்குக்குப் பதிலாக அது எந்த வகை என்று எழுதுங்கள், ஒவ்வொரு வேரியன்ட்டுக்கும் டயரின் முழு அளவையும் விளக்கின் வகையையும் போடுங்கள், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் கிட் மட்டும்தானா என்பதையும் மறக்காமல் சேருங்கள். இடம் போதவில்லை என்றால் உள்ளே எரிகிற அலங்கார விளக்கின் நிறங்களுக்கு ஒதுக்கிய வரியை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்