ஞாயிறு மாலைப் பேச்சு: ஹாட் ராட்

நண்பர்களே, வணக்கம். வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு நம் குழு அழைப்பில் பேசப்போவது அமெரிக்க ஹாட் ராட் கார்களை, அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்களைப் பற்றி.

சும்மா பெயின்ட் அடித்த பழைய கார் என்று நினைத்துவிடாதீர்கள். 1932 ஃபோர்டை எடுத்து, மட்கார்டுகளைக் கழற்றி, ஜன்னல் தூண்களை வெட்டிக் கூரையைத் தாழ்த்தி, எஞ்சினைப் பிரித்துக் கூடுதல் கார்புரேட்டர் பூட்டுவார்கள். கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்ப்பார்கள். அங்கிருந்த சிறு சிறு கிளப்கள் 1937இல் ஒன்றுகூடிப் பந்தயங்களுக்கு விதிமுறை வகுத்தன.

எனக்குப் பிடித்தது பில் பர்க் என்ற அமெரிக்கரின் வேலை. போர் முடிந்து மலிவாகக் கிடைத்த போர் விமான எரிபொருள் தொட்டியையே பாடியாக்கி, 1946இல் ஒரு பந்தயக் கார் கட்டினார். தொட்டிக்குள் மனிதன்! காற்றைக் கிழிக்க அதைவிட நல்ல வடிவம் ஏது?

வெல்டிங் தெரிந்தவர் ஒருவர், எஞ்சின் தெரிந்தவர் ஒருவர், தகரம் தட்டத் தெரிந்தவர் ஒருவர் என்று சேர்ந்துதான் இப்படிப்பட்ட வண்டிகள் பெரும்பாலும் உருவாகும். உதிரிபாகம் கைமாறும், ராத்திரி கராஜில் உதவிக்கு ஆள் வரும்.

நீங்களே கையால் செய்த ஒரு பாகத்தின் படத்தைச் சனிக்கிழமைக்குள் போடுங்கள். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. ஃபார்வர்டு படங்கள் மட்டும் வேண்டாம், சரியா?

— அட்மின்