கலிங்கில் அளவுகோல் நட்டவர்களுக்கு

பெங்களூரு

எல்லோருக்கும் வணக்கம்.

வர்த்தூர்ப் பக்கத்து எங்கள் சின்ன ஏரிக்கு ஓராண்டு நீர்க்கணக்கு எழுதி முடிந்தது. நோட்டின் அட்டையில் எங்கள் குழுவின் பெயர் இருக்கிறது. உள்ளே இருக்கும் உழைப்பு உங்களுடையது.

முதல் நன்றி, பணி ஓய்வுக்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் கரைக்கு வந்த நீரியலாளர் ஐயாவுக்கு. அணை, ஏரி, சதுப்புநிலம் என்றே வேலைக்காலம் முழுக்கக் கழித்தவர். "ஏரியை அப்புறம் காப்பாற்றலாம், எவ்வளவு வருது, எவ்வளவு போகுதுன்னு முதலில் சொல்லுங்க" என்பார். கலிங்கு என்றால் ஏரி நிரம்பியதும் மிகுநீர் வழிந்து போகும் சுவர்; அதன் கணக்கைச் சிமென்ட் தரையில் கரித்துண்டால் எழுதிக் காட்டினார். கலிங்கின் நீளம் 10 மீட்டர், அதன் மேல் 10 செ.மீ. நீர் நிற்கிறது என்றால் வினாடிக்குச் சுமார் 540 லிட்டர் வெளியேறுகிறது. ஒரு நாளைக்கு நாலரைக் கோடி லிட்டருக்கு மேல். (கன்னடத்தில் கலிங்குக்குப் பெயரே 'கோடி'தான்!) நீர் 20 செ.மீ. ஆனால் அளவு இரட்டிப்பதில்லை, 2.8 மடங்காகிறது. அந்த 10 செ.மீ.யில் ஒரு சென்டிமீட்டரைக் கூட்டிப் படித்துவிட்டால் கணக்கில் 15 சதவீதம் பிசகு.

அந்த ஒரு சென்டிமீட்டரைக் காப்பாற்றியவர் தருமபுரி மேஸ்திரி. கலிங்கை நெருங்கும்போதே நீர்மட்டம் சரியத் தொடங்கிவிடும். அங்கே அளவுகோல் வைத்தால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். வழியும் நீரின் அதிகபட்ச உயரத்தைப் போல நாலு மடங்காவது ஏரிக்குள் தள்ளி நட வேண்டும். ஆனால் கோலின் பூஜ்ஜியம் கலிங்கின் முகட்டோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மேஸ்திரி நீர் நிரப்பிய பிளாஸ்டிக் டியூபை இழுத்து மட்டம் பிடித்தார். டியூபுக்குள் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் மட்டம் பொய் சொல்லும். விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழியை வெளியேற்றி, இரண்டு முனையையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் பிடித்துச் சரிபார்த்த பிறகே கோடு போட்டார். ஆங்கிள் இரும்பை வெல்டிங் செய்து தந்த பட்டறைத் தம்பிக்கும் நன்றி. அது இன்னும் சாயவில்லை.

விடியற்காலையில் பரிசலில் ஏற்றிச் சென்ற மீனவ அண்ணனுக்கும் நன்றி. இரவு முழுக்கப் பாசியும் சுவாசிப்பதால் நீரில் கரைந்த ஆக்சிஜன் விடியலில்தான் மிகக் குறையும். மதியம் அளந்துவிட்டு ஏரி நலம் என்று சொல்வது பாதி உண்மை. மாதிரி எடுக்க 300 மி.லி. பாட்டிலை நீருக்குள்ளேயே சாய்த்து நிரப்பி, குமிழி இல்லாமல் மூட வேண்டும். ஆடும் பரிசலில் அதற்குத் தனித் திறமை வேண்டும். இன்னொன்று: நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். 25 டிகிரி நீர் இங்கே பிடித்து வைக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு 7.4 மி.கி. அளவுதான், சென்னையில் 8.2. ஆக்சிஜன் அளக்கும் கருவியில் இந்த உயரத்துக்குத் திருத்தம் செய்யாவிட்டால் எல்லா எண்ணும் பத்தில் ஒரு பங்கு தப்பு.

ஏரியோரம் வளரும் சம்புப் புல் அறுத்த அக்காக்களே, தண்டை நீர்மட்டத்துக்கு மேலே விட்டு அறுத்தீர்கள். நீருக்கு அடியில் வெட்டினால் கிழங்குக்குக் காற்று போகாமல் அழுகிவிடும், மறுபடி தழைக்காது. அறுத்ததைக் கரையிலேயே குவிக்காமல் வண்டியேற்றியதும் நீங்கள்தான். குவித்திருந்தால் அது உறிஞ்சிய பாஸ்பரஸ் அத்தனையும் அடுத்த மழையில் ஏரிக்கே திரும்பியிருக்கும்.

ஏரிக்கு நீர் கொண்டுவரும் ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) ஓரம் இரவெல்லாம் இரண்டு மணிக்கொருமுறை டார்ச் அடித்து நீர்மட்டம் படித்த காவலாளி ஐயாவால்தான் முக்கியமான விஷயம் தெரிந்தது. வீடுகளில் குளித்துத் துவைத்த நீர் வரும்போது கால்வாய் ஏறுகிறது, நள்ளிரவுக்குப் பின் இறங்குகிறது. ஏரி இந்த ஏற்ற இறக்கத்தை மழுக்கிவிடுவதால் கலிங்கில் மட்டும் பார்த்தால் தெரியாது. பிப்ரவரியில் மழையே இல்லாத நாளிலும் வழிந்தது இந்த நீர்தான். சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றிய காவிரி, கழிவுநீராகித் தென்பெண்ணையில் இறங்கி, ஓசூர்க் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அணையில் நுரை கண்ட நாளெல்லாம் போன் செய்து சொன்ன ஓசூர் விவசாயிகளுக்கு நன்றி மட்டும் சொன்னால் போதாது என்று தெரியும். நோட்டின் ஒரு பிரதி உங்களுக்கு வருகிறது.

கோடைமழைக்கு முன் கோலில் படிந்த பாசியைத் தேய்த்து, மட்டம் மறுபடி பார்க்க வேண்டும். மேஸ்திரி, அந்த டியூபை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
ஏரிக்கரை நீர்க்கணக்குக் குழுவினர்