மிச்சம் இருந்த நன்றி

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அன்றைக்குப் போனில், "கடவுள் இருக்கிறார் என்பதற்கு ஒரே ஒரு ஆதாரம் சொல்லும்மா, கேட்டுக்கொள்கிறேன்" என்றாய். நான் கோபப்பட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள் அப்படிச் செய்திருக்கக் கூடாது. பத்து நாளாக அது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. நேரில் பேசினால் நடுவில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

பிள்ளையார் பால் குடித்த நாள் உனக்கு நினைவிருக்கும். 1995 செப்டம்பர் 21. டெல்லியில் காலையில் கிளம்பிய செய்தி சாயங்காலத்துக்குள் நம் தெருவுக்கு வந்துவிட்டது. பாட்டி சொம்பில் பாலோடு கிளம்பினாள், நீயும் கூடப் போனாய். திரும்பி வந்து, "நிஜமாவே குடிச்சாராம்மா?" என்று கேட்டாய். அம்மிக்குழவியைக் கழுவி நிமிர்த்தி வைத்தேன். ஸ்பூனில் பாலை நிரப்பி விளிம்பு கல்லில் படும்படி லேசாகச் சாய்த்தேன். குழவியும் குடித்தது! பரப்பு இழுவிசை பாலைக் கல்லுக்கு இழுக்கிறது, அப்புறம் அது மெல்லிய படலமாகக் கீழே வழிந்துவிடுகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான் என்றேன். பாட்டி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அன்று மாலை வழக்கம்போல நான் விளக்கேற்றியபோது, "அப்போ எதுக்கு விளக்கு ஏத்தறே?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. இப்போது நீ போனில் கேட்டதும் அதே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது.

குடம் இருந்தால் குயவன் இருந்தாக வேண்டும், உலகம் இருப்பதால் அதைச் செய்தவன் இருந்தாக வேண்டும். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். நியாயம் என்ற பழைய தர்க்க மரபைச் சேர்ந்த நையாயிகர்கள் இதை மிக நுட்பமாக வளர்த்தெடுத்தார்கள். நானும் ரொம்ப நாள் இதையே நம்பிக்கொண்டிருந்தேன். இதை உடைத்தவர் யார் தெரியுமா? நம் உடையவர். பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில், மூன்றாவது சூத்திரத்தை விளக்கும்போது ராமானுஜர் இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டையாக உருவிப் போடுகிறார். உலகம் முழுவதையும் ஒரே சமயத்தில் ஒருவனே செய்தான் என்பதற்கு என்ன சான்று? நாம் பார்த்த குயவனுக்கு உடம்பு இருக்கிறது, அவனுடைய அறிவுக்கும் சக்திக்கும் எல்லை இருக்கிறது. அவனை உதாரணமாக வைத்து அனுமானம் செய்தால், அதாவது கண்டதை வைத்துக் காணாததை ஊகித்தால், உடம்பும் எல்லையும் உள்ள ஒருவன்தானே கிடைப்பான்? அனுமானத்தால் ஈசுவரனை நிறுவ முடியாது என்று முடிக்கிறார். அதைச் சொன்னவர் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த ஸ்ரீரங்கத்து அரங்கனுக்கே கொடுத்தவர்.

இதைப் படித்த அன்று தெற்கு வாசலுக்குப் போய் ராஜகோபுரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் அதில் சாரம் கட்டியிருந்தது. நாயக்கர்களுக்கும் முன்னால், அச்சுதராயர் காலத்தில் தொடங்கி நின்றுபோய், சுமார் 400 வருடம் மொட்டைக் கோபுரமாகவே கிடந்தது. 1979இல் மறுபடி வேலை தொடங்கி 1987இல் 13 நிலையும் முடிந்து, 236 அடி உயரத்தில் நின்றது. ஊருக்குப் புதிதாக வரும் ஒருவர் அதைப் பார்த்தால், யாரோ ஒரு பெரிய ஸ்தபதி ஒரே மூச்சில் கட்டியது என்றுதான் நினைப்பார். எத்தனை கைகள், நடுவில் எத்தனை தலைமுறை இடைவெளி! கோபுரத்தைப் பார்த்துக் கட்டியவர் ஒருவரா பலரா என்றுகூடச் சொல்ல முடியாதபோது, உலகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல?

பெருவெடிப்பே படைப்புக்குச் சான்று என்று உன் மாமா அனுப்பும் செய்திகளுக்கும் இதுதான் என் பதில். அந்தக் கொள்கைக்கு வித்திட்ட லெமைத்ர் ஒரு பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அதைப் படைப்போடு சேர்த்துப் பேசியபோது லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கொள்கை மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

உடையவர் அனுமானத்தைத் தள்ளிவிட்டுச் சாஸ்திரம்தான் வழி என்கிறார். அங்கே என்னால் அவரோடு முழுக்கப் போக முடிகிறது, ஆனால் உன்னைக் கூப்பிட முடியாது. சாஸ்திரத்தை ஏன் நம்ப வேண்டும் என்று நீ கேட்பாய். வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களும் நாகூருக்குப் போகிறவர்களும் அவரவர் வேதத்தைக் காட்டுவார்கள். வெளியே நிற்கும் ஒருவருக்கு இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்ல என்னிடம் தராசு இல்லை.

வேளாங்கண்ணி என்றதும் சுனாமி நினைவு வருகிறது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கடற்கரையில் நின்ற யாத்ரீகர்கள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர். கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, அதுவே அற்புதம் என்று பலர் சொன்னார்கள். அந்தப் பேச்சு எனக்குத் தாங்கவில்லை. கோயில் தப்பியது அவன் கணக்கு என்றால் மணலில் கிடந்த குழந்தைகள் யார் கணக்கு? கர்மா என்று நம் பக்கம் ஒரு பதில் உண்டு, அதற்குள் ஒரு ஒழுங்கும் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு முன்னால் நின்று அதை என் வாயால் சொல்ல முடியாது. கடவுள் இல்லை என்பவர்களிடம் இதைவிட வலுவான வாதம் வேறு இல்லை. இருபது வருடமாகியும் எனக்கு அதற்கு விடை கிடைக்கவில்லை, கண்ணம்மா.

சரி, அப்பாவின் பைபாஸுக்கு வருகிறேன். பிரார்த்தனை நோயாளிகளுக்கு உதவுகிறதா என்று பார்த்ததாக நீ சொன்ன அந்த அமெரிக்க ஆய்வைத் தேடிப் படித்தேன். 2006இல் வந்தது, 6 மருத்துவமனைகள், பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேர். முன்பின் தெரியாதவர்கள் பிரார்த்தனை செய்ததில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல், செய்யாததில் 51. இந்த இரண்டு பிரிவினருக்கும் தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா என்று தெரியாது. நிச்சயமாக நடக்கிறது என்று தெரிந்தவர்களில் 59. ஒழுங்காகச் செய்த சோதனை, நான் அதோடு சண்டை போடவில்லை. ஆனாலும் அப்பா உள்ளே இருந்த அந்த ஐந்து மணி நேரமும் நான் சகஸ்ரநாமம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மருந்தாக நினைத்துச் சொல்லவில்லை. எனக்கு வேறு போக்கிடம் இல்லை.

அவர் கண் விழித்ததும் டாக்டருக்கு நன்றி சொன்னேன். நர்சுகளுக்கு, ரத்தம் கொடுத்த பையன்களுக்கு, ராத்திரி முழுக்க வாசலில் வண்டியோடு காத்திருந்த ஆட்டோக்காரருக்கு, எல்லாருக்கும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் நன்றி மிச்சம் இருந்தது. அதைக் கொண்டுபோய் வைக்க எனக்குத் தெரிந்த இடம் அரங்கன் சன்னதி ஒன்றுதான். அந்த மிச்சம் ஆதாரம் ஆகாது என்று எனக்குத் தெரியும். என் மனதின் பழக்கம் என்று நீ சொன்னால் மறுக்க மாட்டேன். அந்த மிச்சமே இல்லை என்று நான் சொன்னால் மட்டும் அது பொய். எதற்கு விளக்கு ஏற்றுகிறாய் என்ற கேள்விக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

"உளன் எனில் உளன்" என்று தொடங்கும் நம்மாழ்வார் பாசுரத்தை நீ சின்ன வயதில் ஒப்பிப்பாய். இருக்கிறான் என்றாலும் அவன், இல்லை என்றாலும் அவன். வகுப்பில் ஒரு மாணவி எந்தப் பக்கம் விழுந்தாலும் சரியாகிற விடையை எழுதியிருந்தால் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன். ஆனால் நீ "நம்பிக்கை இல்லைம்மா" என்று சொன்ன ராத்திரி எனக்குத் தூக்கம் வந்தது அந்தப் பாசுரத்தைச் சொல்லித்தான். இல்லை என்று சொல்லும் என் பெண்ணுக்கும் அதில் இடம் இருக்கிறது.

மார்கழிக்கு வருகிறாய் அல்லவா? வைகுண்ட ஏகாதசி அன்று எனக்காக எழுந்து வர வேண்டாம், நன்றாகத் தூங்கு. நான் விடியும் முன் போய்ச் சேவித்துவிட்டு வந்துவிடுவேன். அப்பாவுக்கு மாத்திரையை மட்டும் ஏழு மணிக்கு எடுத்துக் கொடுத்துவிடு. தனியாக விட்டால் மறந்துவிடுகிறார்.

அன்புடன்,
அம்மா